பெரட்டல் மசாலாவுக்குப் பூட்டு

"உடைச்சிடலாம்கா. பக்கத்துக் கடைக்குக்கூட சத்தம் கேட்காது" என்றான் குகன், திருப்புளியை விரலில் சுழற்றிக்கொண்டே.

உஷாராணி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தாள். "யாருக்கும் தெரியக்கூடாது தம்பி. முக்கியமா எங்க வீட்டுக்காரருக்கு. அவரு இன்னைக்குத் தன் தங்கச்சியோட கடைச் சுவருக்குச் சாயம் அடிக்கப் போயிருக்காரு. அதான் ஓடி வந்தேன்."

உடைக்க வேண்டியது பீரோவை அல்ல, பாஸ்வேர்டை. பூச்சோங்கிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த குகனின் ரிப்பேர் கடை வரைக்கும் வாடகைக் காடியின் பின்சீட்டில் பிள்ளையைப் போல மடியில் வைத்துத் தூக்கி வந்திருந்த பழைய கம்ப்யூட்டர் அது. மகன் கேம் ஆடித் தேய்த்துவிட்டுப் போட்டது. அதற்குள் ஒரே ஒரு எக்செல் ஃபைல், அதில் உஷாராணியின் ஆட்டுக்கறி பெரட்டலுக்கான மசாலா அளவு. கல்யாண வீடுகளில் அந்தப் பெரட்டலுக்காகவே மாப்பிள்ளை வீட்டாரோடு சமாதானமாகப் போனவர்கள் உண்டு.

"எங்க நாத்தனார் புனிதா அடுத்த மாசம் கிள்ளான்ல சாப்பாட்டுக் கடை தொறக்கறா. இந்த அளவு அவளுக்கு வேணுமாம். தங்கச்சிக்குக் குடு, தங்கச்சிக்குக் குடுன்னு வீட்டுக்காரரு தினம் உயிரை எடுக்கறாரு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல குகன்னு ஒருத்தன் இருக்கான், அவனால உடைக்க முடியாத பாஸ்வேர்டே இல்லன்னு வேற சொல்றாரு."

குகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மறந்துட்டீங்களாக்கா?"

"வயசாகுதுல்ல தம்பி" என்று பெருமூச்சு விட்டாள். "இத்தனை வருஷம் அடுப்புப் புகையில நின்னு, கண்ணு எரிஞ்சு கண்டுபிடிச்ச அளவு. அது போயிடுமோன்னு நினைச்சா ராத்திரி தூக்கமே வரல."

பாவம், மறந்துபோனதற்காக மனுஷன் வீட்டில் பிய்த்து எடுக்கிறார் போலிருக்கிறது என்று குகன் நினைத்துக்கொண்டான்.

"ஃபைலை என் மெஷின்ல ஏத்திடறேன். அதுல கிராஃபிக்ஸ் கார்டு புதுசு, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"அதெல்லாம் வேணாம் லா. மசாலா இந்தப் பெட்டியை விட்டு வெளிய போகக்கூடாது."

அங்கேதான் குகனுக்குச் சனி பிடித்தது. பெட்டிக்குள் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தது. அதை வேலை வாங்கினால் பாஸ்வேர்டுகளை மளமளவென்று போட்டுப் பார்க்கலாம். ஆனால் கார்டை இயக்கும் புது டிரைவர் புரோகிராம் அதைச் சீந்தவே இல்லை. பாஸ்வேர்டு தேடும் சாஃப்ட்வேரோ அப்படியொரு கார்டு இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை.

குகன் தூசியை ஊதினான், பவர் சப்ளையை மாற்றினான். ஊர் பேர் தெரியாத தளங்களில் எல்லாம் துழாவிப் பழைய டிரைவரையும், சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனையும் தேடிப் பிடித்துப் போட்டான். கார்டின் காற்றாடி மணல் லோரி மாதிரி உறுமிக்கொண்டு எழுந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டான்கா! இனிமே இருபது மடங்கு வேகம்!"

"ஐயய்யோ" என்றாள் உஷாராணி.

"ஏன்கா?"

"இல்ல தம்பி... உங்க கரண்டு பில்லு."

குகன் உருகிப்போனான். கடைக்காரனின் கரண்டு பில்லுக்காகக் கவலைப்பட்ட ஒரு வாடிக்கையாளரை அவன் அதுவரை கண்டதில்லை.

"நம்ம ஆளுங்க பாஸ்வேர்டு எனக்கு அத்துப்படிக்கா. முன்னால சாமி பேரு, பின்னால காடி நம்பர். நீங்க எந்த சாமியை வெச்சீங்க?"

"மசாலாவுக்குப் போய் சாமியை எதுக்கு இழுக்கணும்?"

அவன் விடவில்லை. முருகன் முதல் முனியாண்டி வரை எல்லோருக்கும் காடி நம்பர் மாட்டி ஓட்டினான். ஒரு சாமியும் கதவைத் திறக்கவில்லை. பிள்ளைகள் பெயரைப் போட்டான், பிறந்த நாளைப் போட்டான், கடைசியில் வெறுத்துப்போய் மசாலாச் சாமான்களின் பெயரையெல்லாம் போட்டான். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் உஷாராணி தான் கொண்டுவந்த பொட்டலத்திலிருந்து ஒரு கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு, இன்னொன்றை அவன் பக்கம் தள்ளினாள். சாயங்காலத்துக்குள் பொட்டலம் காலி.

"முடியலக்கா" என்று குகன் கையைத் தூக்கிவிட்டான். "கண்டபடி நீளமா எதையோ வெச்சிருக்கீங்க. எனக்குப் பேரப்பிள்ளை பொறந்து, அவன் வந்து உக்காந்தாலும் இது உடையாது."

"நல்ல மெஷினா இருந்தா?"

"எந்த மெஷினா இருந்தாலும்."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா." தொழிலில் இது அவனுக்கு முதல் தோல்வி. அந்த நேரத்திலும் முகம் கோணாமல் சிரிக்கிற அந்த அம்மாளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் துக்கம் இன்னும் கூடியது.

அவள் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு எங்க வீட்டுக்காரரு இதே பெட்டியைத் தூக்கிக்கிட்டு வருவாரு. எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்கும் சொல்லிடுங்க. நான் வந்ததை மட்டும் சொல்லாதீங்க."

"கண்டிப்பா சொல்றேன்கா. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. பாஸ்வேர்டு மறந்து போனா மனுஷங்க என்னதான் பண்ண முடியும்?"

வாசற்படியில் நின்று உஷாராணி திரும்பிப் பார்த்தாள்.

"மறந்துட்டேன்னு நான் எப்போ தம்பி சொன்னேன்?"