எண்ணிக்கை மட்டும்

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு மெயில் போடச் சொன்னோம். வரல. வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்மா,” என்றார் மேனேஜர் அப்பாதுரை.

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகம். எழுத்தர் வேலைக்கு நேர்முகத்தில் தேர்வான புனிதா, காணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“போட்டேன் சார். விழுப்புரம் நெட் சென்டர்ல கடைக்காரரே அனுப்பினாரு. இன்னிக்கு கடை பூட்டிக்கெடக்கு, போனும் எடுக்கல. இன்னொரு வாட்டி பாருங்க சார்.”

அவர் சலிப்போடு தலையசைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இசைவாணி மௌஸைத் தொடவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரி தட்டினாள். புனிதா பெயரில் எத்தனை மெயில்? எண்ணிக்கை மட்டும்.

பூஜ்யம்.

“அவ்ளோதான். விடு இசை, எழுந்துக்கோ,” என்றார் அப்பாதுரை.

“எண்ணிக்கையைக் கேட்டா எண்ணிக்கையத்தான் சார் சொல்லும். வேற மாதிரி கேக்கறேன்.”

இன்னொரு வரி. வெள்ளிக்கிழமை வந்த மெயில்களின் தலைப்புகள் மட்டும். திரை நிரம்பியது. தலைப்பே இல்லாதவையும் சில இருந்தன. அடுத்த வரி. அனுப்பியவர்களின் முகவரிகள் மட்டும்.

அதே மெயில்கள்தான். கேட்கிற விதத்துக்குத் தக்கபடி வேறு வேறாக வந்து நின்றன. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்குள் முதன்முதலாக நுழைந்தபோதுதான் புனிதா இப்படி வியந்து நின்றிருக்கிறாள்.

“கடைக்காரரு விழுப்புரத்தை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவாரு? ரெண்டு எல்லா, இசட் எச்சா?”

“போர்டுல இசட் எச்தான்க்கா. ஊர் பேரோட இங்கிலீஷ் எழுத்தை மாத்தப் போறாங்கன்னாங்க இல்ல, அப்ப மாத்தினாரு. அப்புறம் அப்படியே வச்சிக்கினு இருக்காரு.”

இசைவாணி சிரித்துவிட்டாள். முகவரிகளின் மேல் இறங்கிய அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. கடையின் பெயர், கூடவே ஊர் பெயர், இசட் எச் போட்டு.

“உன் மெயிலை அவரு கடை மெயில்லேருந்தே அனுப்பியிருக்காரு. இப்ப முழுசா பாப்போம்.”

தலைப்பு இல்லை. புனிதாவின் பெயரும் இல்லை. ஒரே ஓர் இணைப்பு. அதைத் திறந்தால் புனிதாவே கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். வந்து சேர்ந்த நேரம் மாலை நாலு பன்னிரண்டு.

அப்பாதுரை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாது இசை.”

“தெரியும் சார்.”

புனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இந்த வேலைல சேர்ந்ததும் எனக்கும் இதைக் கத்துக்குடுங்கக்கா.”

“கத்துக்கலாம். ஜல்தியா போய்க் கையெழுத்து போடு, சார் மனசு மாறிடப் போறாரு.”

அப்பாதுரை நீட்டிய தாளில் தன் பெயருக்கு நேரே புனிதா கையெழுத்திட்டாள். அதன் கீழே, காத்திருப்போர் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது: இசைவாணி, தற்காலிக ஊழியர், பணிக்காலம் இம்மாதத்தோடு முடிகிறது.