வாசலில் கேட்காத கேள்வி

பாறைகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்த அந்த வெள்ளைச் செருப்பைக் குனிந்து பார்க்க அனிற்றாவுக்குத் துணிவு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கணவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ... கிழவியின்ரையோ?"

அகஸ்ரின் ஒரு தடியால் செருப்பைக் கரைக்கு இழுத்தான். "இல்லையப்பா. இது ஆரோ ஆம்பிளையின்ரை. என்ரை காலுக்கே பெரிசு."

அனிற்றா அப்படியே பாறையில் குந்திவிட்டாள். செருப்பு அவருடையது இல்லைத்தான். ஆனால் அவர் எங்கே?

இத்தாலியில், பலேர்மோ நகரில் கொன்செத்தா என்ற எண்பது வயது தாண்டிய மனுசியை, அவருடைய வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதுதான் அனிற்றாவின் வேலை. கொன்செத்தாவின் ஒரே மகள் மரீசா, கணவனோடு நோர்வேக் கரையோரம் சுற்றப் போயிருந்தாள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வான் ஒன்றில் பயணம். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் தனியாகப் போனது இதுதான் முதல்முறை.

வெளிக்கிடும்போது மரீசா ஒன்றுதான் சொன்னாள். "அம்மாவைக் கண்ணிலை இருந்து விடாதை. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

அந்த வேலை போனால் புருசன் பெண்சாதி இருவருக்கும் படுக்க இடமும் போய்விடும். வேலை இல்லாதவளுக்கு பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பித்துக் கொடுக்க மாட்டார்கள். அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது.

அன்று விடியவே கொன்செத்தா வாசலில் நின்று, "அனிற்றா, நான் போறன்" என்று குரல் கொடுத்தார். வழக்கம்போலக் கோயிலுக்காக்கும் என்று நினைத்து, குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்த அனிற்றா திரும்பிக்கூடப் பார்க்காமல், "போயிட்டு வாங்கோ" என்றாள். மத்தியானமாகியும் ஆளைக் காணவில்லை. கோயிலில் அவரைக் கண்டவர் இல்லை. கைபேசி அணைந்து கிடந்தது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் ஆட்கள் குந்தியிருக்கிற வாங்கு வாங்காகத் தேடினார்கள். துறைமுகத்தில் தேடினார்கள். மகள் அனுப்புகிற படங்களைப் பார்த்துப் பார்த்து, "எனக்கும் கடல் பாக்கவேணும்" என்று கிழவி முணுமுணுத்தது நினைவுக்கு வர, கடைசியாக ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு ஓடிவந்தார்கள்.

"எங்கை போறியள் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அனிற்றா?"

"வெளிக்கிட்டு வாசலுக்கு வந்த ஆளை எங்கை எண்டு கேக்கிறதோ? போற காரியம் பாழாப் போகாதோ?"

"அது எங்கடை ஊரிலை. இத்தாலிக்காரிக்கு அது தெரியுமோ?"

"பழக்கம் விடுதோ, சொல்லுங்கோ? உங்களையே நான் ஒருநாளும் கேட்டதில்லை."

"அந்தளவிலை நான் தப்பினன்" என்றான் அகஸ்ரின். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"இன்னொண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லை" என்றாள் அவள். "கொழுவியிலை தொங்கின அவவின்ரை கம்பளிக் கோட்டைக் காணேல்லை."

"இந்த வெக்கைக்கோ? நாங்களே அவிஞ்சு சாகிறம்!" அகஸ்ரின் தடியை எறிந்தான். "அப்ப மனுசிக்கு மூளை கலங்கிப்போச்சு. இனி மறைக்கேலாது. வா, பொலிசிட்டைப் போவம்."

"போனால் அவங்கள் முதல்லை மரீசாவுக்குத்தான் போன் அடிப்பாங்கள். அதோடை எங்கடை கதை முடிஞ்சுது."

"மனுசிக்கு ஏதும் ஆகியிருந்தால்?"

"வாயை மூடுங்கோ! மடு மாதாவே, நடந்தே உன்ரை வாசலுக்கு வாறன். மனுசியை மட்டும் உயிரோடை காட்டு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கையில் இருந்த கைபேசி அதிர்ந்தது. மரீசா.

அகஸ்ரின் கையெடுத்துக் கும்பிட்டான். "உண்மையைச் சொல்லிப்போடு, என்ரை ராசாத்தி."

"அனிற்றா, இஞ்சை சரியான காத்து" என்று இத்தாலியனில் மரீசாவின் குரல் வந்தது. "இண்டைக்குப் படம் வராது, குரல் மட்டும்தான். அம்மா என்ன செய்யிறா?"

படம் வராது என்றதும் அனிற்றாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. உண்மை தொண்டைவரைக்கும் வந்தது. அடுத்த கணம், பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்கிற தாங்கள் இருவரும் கண்ணுக்குள் வந்தார்கள்.

"நித்திரை, சின்னோரா."

"இந்த நேரத்திலையோ?"

"மத்தியானம் நல்லாச் சாப்பிட்டவ. கத்தரிக்காயை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினவ. அந்த மயக்கத்திலை படுத்திட்டா."

"மாத்திரை?"

"என்ரை கையாலைதான் குடுத்தனான்."

அகஸ்ரின் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். இந்தப் பக்கத்து அலை கேட்டுவிடாதபடி அனிற்றா கைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒருக்கா எழுப்பேலாதோ? குரலைக் கேட்டால் போதும்."

"வேண்டாம் சின்னோரா, பாவம். நான் கட்டிலுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறன். குழந்தைப்பிள்ளை மாதிரிக் கிடக்கிறா. இண்டைக்கு முழுக்க நான் அவவை ஒரு நிமிசமும் கண்ணிலை இருந்து விடேல்லை."

மரீசாவுக்குப் பக்கத்தில் யாரோ கரண்டியால் கோப்பையைக் கலக்குகிற சத்தம் கேட்டது.

"அப்ப, பிளேன் ஏறி வந்து எங்கடை வானுக்குள்ளை இருந்து கோப்பி குடிக்கிறது ஆர், அனிற்றா?"