ஒப்பாரிக்கு வந்தவன்

"சாவு விழாம பாடினா சாவைக் கூப்பிட்ட மாதிரிடா. மாட்டேன்" என்று ஒப்பாரிக்காரி எவாந்தியா போன மாதமே சொல்லிவிட்டாள்.

கிரேக்க நாட்டு எபிரஸ் மலை ஒப்பாரிகளை ஜாஸோடு கலந்து சாக்ஸபோன் வாசித்தே பெயர் வாங்கியவன் லாம்ப்ரோஸ். புது இசைத்தட்டுக்கு அவள் குரல் இல்லாமல் முடியாது. ஏதென்ஸிலிருந்து கிளம்பி அவள் ஊருக்கு வந்தவன், அங்கேயே இருக்கும் அம்மாவைக்கூடப் பார்க்காமல் நேராக எவாந்தியா வீட்டுக்குப் போனான்.

"அத்தை, மனசைத் தேத்திக்குங்க. ஜெர்மனியில உங்க மகன் ஸ்பீரோஸ் தவறிட்டான்."

எவாந்தியா அவனையே பார்த்தாள். பிறகு கறுப்புத் துணியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, "வழி பார்த்த கண்ணை மூட வந்த கை யார் கையோ" என்று பாடினாள். கல்லும் கரையும் குரல்.

பாட்டு முடிந்ததும் லாம்ப்ரோஸ் சட்டைக்குள்ளிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. ஸ்பீரோஸ் நல்லாத்தான் இருக்கான். பாட்டுக்காகப் பொய் சொன்னேன்."

"தெரியும். இப்பதான் அவன்கிட்ட பேசினேன்."

"அப்ப யாருக்குப் பாடுனீங்க?"

"உங்கம்மாவுக்கு. காலையில போயிட்டா. எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கல."

அவன் கையிலிருந்த கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா பதிஞ்சிருக்கான்னு பாத்துக்கோ" என்றாள் எவாந்தியா. "ஒரு சாவுக்கு ஒரு தடவைதான் பாடுவேன்."