டாலிவர் திட்டிய கிழவர்

"'மாடத்து நிழல்ல உக்காந்து கடலை கொறிக்கிற கிழவருக்கு, வெயில்ல நின்னு எறியுறவன் தோள்பட்டை வலி எங்க தெரியப்போவுது?' கேட்டீங்களா சார்? உங்களைத்தான் எழுதியிருக்கான் அந்த டாலிவர். அதுவும் நம்ம பேப்பர்லயே!"

ஆசிரியர் லார்க்கின் அன்றைய 'வேபர்ன் டெஸ்பாட்ச்' பத்திரிகையை மேஜைமேல் போட்டார்.

எதிரே தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஹார்க்னஸ். முப்பது வருஷமாக வேபர்ன் ஊர் அணியின் பேஸ்பால் ஆட்டங்களை எழுதி வருகிறவர். லார்க்கின் இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் சிகாகோவில் கோதுமை விலையும் பன்றி விலையும் எழுதிக்கொண்டிருந்தார்.

"படிச்சேன் தம்பி. மூணாவது பத்தியில ஒரு கமாவை விழுங்கிட்டாங்க. அச்சுக்கோக்கிறவங்ககிட்ட சொல்லணும்."

லார்க்கினுக்கு என்னவோ போலிருந்தது. தன்னைத் திட்டிய கட்டுரையில் போய்க் கமாவைத் தேடுகிற மனுஷரிடம் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது?

பந்தெறியும் பக் டாலிவர் ஊருக்கே செல்லப்பிள்ளை. இந்தக் கோடையில் அவன் பெயர் போட்டுக் கட்டுரை வர ஆரம்பித்ததிலிருந்து வேபர்ன் இரண்டுபட்டுக் கிடந்தது. 'ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவதிலேயே டாலிவரை வெளியே அழைத்திருக்க வேண்டும்' என்று ஹார்க்னஸ் எழுதினால், மறுநாளே டாலிவர் அவரைப் பிடிபிடியென்று பிடிப்பான். கிழவர் பதிலுக்கு ஒன்று போடுவார். முடிவெட்டும் கடைகளில் பாதி முடியோடு எழுந்து நின்று சண்டை போட்டவர்கள்கூட உண்டு. பத்திரிகை என்னவோ சூடாக விற்றது.

"அவன் கட்டுரையை நீங்களேதான் கவர்ல போட்டுக் கொண்டாந்து குடுக்கிறீங்க. உங்களைத் திட்டினதை நீங்களே! பெரிய மனசு சார் உங்களுக்கு."

"வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் அணியோட ரயில்லதானே நானும் போய் வர்றேன். ஒரு கவர் என்ன பெரிய சுமையா?"

லார்க்கின் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். இனி இழுத்தால் தனக்கே தைரியம் போய்விடும் என்று தெரிந்தது.

"சார், முதலாளி ஒண்ணு சொல்லிட்டாரு. பேஸ்பாலுக்கு இனிமே ஒரே ஆள்தானாம். வர்ற கடுதாசியெல்லாம் டாலிவர் பக்கம்தான் இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து அவன் தினமும் எழுதுவான். நீங்க... கல்யாணம், சாவுச் செய்திகளைப் பாத்துக்கணும்."

ஹார்க்னஸின் விரல்கள் தொப்பியின் விளிம்பைத் திருகின.

"அப்ப மைதானத்துல என் நாற்காலி?"

"அதையும் விட்டுத்தான் ஆகணும் சார்."

"மழையில ஆட்டம் நின்னுபோனாலும் நான் அங்கதான் உக்காந்திருப்பேன் தம்பி. வீட்டுக்குப் போனா பேச ஆளில்லை."

கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார். அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த நாற்காலிதான். அதைத்தான் பிடுங்குகிறோம் என்பது லார்க்கினுக்கு உறைத்தது. சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னும் கெடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவன் எழுத்துல ஒரு துடிப்பு இருக்கு. உங்களோடது கொஞ்சம் பழைய பாணி."

"ஒத்துக்கிறேன். அவன் பேர்ல வர்றது எனக்கும் பிடிக்கும். நான் அவனைத் திட்டுறதைவிட அவன் என்னை நல்லாவே திட்டுறான்." கிழவரின் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. "டாலிவர் என்ன சொல்றான்?"

"என்ன சொல்லுவான்? துள்ளிக் குதிப்பான். வரச்சொல்லியிருக்கேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் கதவு திறந்தது. நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான் டாலிவர். மலைப்பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து பந்து எறிய வந்தவன். பனைமர உயரம், இடது கை மட்டும் உலக்கை மாதிரி. கிழவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

'ஊருக்குத்தான் சண்டை, நேரில் மரியாதை. நல்ல பையன்' என்று லார்க்கின் நினைத்துக்கொண்டார். ஒப்பந்தத் தாளை நகர்த்தினார்.

"வாப்பா எழுத்தாளரே! இனிமே வாரத்துக்கு மூணு நாள் இல்ல, தினமும் உன் கட்டுரைதான். இங்க ஒரு கையெழுத்துப் போடு."

ரசிகர்கள் நீட்டும் பந்துகளில் போட்டுப் போட்டுப் பழகிய கை. சுழித்துச் சுழித்து அழகாகப் போட்டான் டாலிவர்.

லார்க்கினுக்கு அப்பாடா என்றிருந்தது. "இன்னொரு நல்ல சேதி. இந்தப் பெரியவர் தொல்லை இனிமே உனக்கு இல்ல. திங்கக்கிழமையிலேருந்து பேஸ்பால் பக்கமே வரமாட்டாரு. சாவுச் செய்திக்கு மாத்தியாச்சு."

டாலிவரின் முகம் வெளுத்தது. போட்ட கையெழுத்தைப் பார்த்தான். லார்க்கினைப் பார்த்தான். தாளை எடுத்துக் கிழவரிடம் நீட்டினான்.

"பெரியவரே, இதுல அப்படியா போட்டிருக்கு? எனக்குத்தான் என் பேரைத் தவிர ஒரு எழுத்தும் தெரியாதே! நீங்க போயிட்டா, இனிமே நான் உங்களைத் திட்டுறதை யாரு எழுதுவா?"