உள்ளே இருப்பவரின் சம்மதம்

நாற்பத்தொரு வாரம் முடிந்தும் வான்மதியின் பிள்ளை வெளியே வருகிற வழியைக் காணோம். மருந்து ஏற்றி வலி வரவைக்கலாம்தான். ஆனால் இப்போதைய சட்டப்படி உள்ளே இருப்பவரின் சம்மதம் வேண்டும். ஒரு உதை என்றால் சரி, இரண்டு என்றால் மாட்டேன்.

டாக்டர் ஹெப்சிபா வயிற்றருகே குனிந்தார். "செல்லம், மருந்து போட்டா வலி கடுமையா இருக்கும். உங்க இதயத்துடிப்பு குறையலாம். கடைசியில ஆபரேஷன்லகூட முடியலாம். சம்மதமா?"

இரண்டு உதை.

வான்மதியின் அண்ணன் சிபிக்கு வியர்த்துவிட்டது. "நாளைக்குப் பொறந்தா ரோகிணி நட்சத்திரம், தாய்மாமனுக்கு ஆகாதாம். இன்னைக்கே வந்துரு கண்ணு!"

மறுபடியும் இரண்டு உதை.

"சரி, மாமா மடியில உக்காரவச்சு உனக்குக் காது குத்தவே மாட்டேன். சத்தியம்!"

சற்று யோசனைக்குப் பின் ஒரே ஒரு உதை விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"வலி எனக்குத்தானே டாக்டர்?" என்றாள் வான்மதி. "என்னை யாருமே கேக்கலையே?"

டாக்டர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கணவனுக்கு, மாமனுக்கு, பிள்ளைக்கு என்று மூன்று கட்டங்கள் இருந்தன.

"உங்களுக்கு இதுல இடமே இல்லையேம்மா."

முன்னைவிடப் பலமாக, உள்ளேயிருந்து இரண்டு உதை விழுந்தது.