ஈர்க்குச்சி

வெல்டிங் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ரெஜினா, இரண்டு இரும்புத் தகடுகளை நெருக்கி வைத்துவிட்டு வெல்டிங் ராடை எடுத்தாள்.

"இந்த ஈர்க்குச்சியா நம்மளச் சேர்த்து வைக்கப்போகுது?" என்று சிரித்தது பெரிய தகடு.

உரசியதுமே ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி உரசினாள், மறுபடியும் ஒட்டியது.

"பாவம், இன்னும் கை பழகல. முதல் நாள்தானே," என்றது ராடு.

மூன்றாவது உரசலில் சூரியனே இறங்கி வந்ததுபோல் வெளிச்சம். ராடு உருகி உருகிக் குட்டையாகிக்கொண்டே வந்தது.

ஆறியதும், வகுப்பு வழக்கப்படி மாஸ்டர் தகடுகளை வைஸ் பிடியில் இறுக்கி, பற்று உறுதியா என்று பார்க்கச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். பெரிய தகடு வளைந்து ஓரத்தில் கிழிந்தது. பற்றவைத்த இடம் அசையவில்லை.

"அந்த ராடு எங்க?" பெரிய தகட்டின் குரல் இறங்கியிருந்தது.

"நமக்கு நடுவுல," என்றது சின்ன தகடு. "இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."