எட்டு மாதச் சுவர்

ஆஸ்பத்திரி பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்ததில் ஞானப்பழம் மேஸ்திரிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கொத்தனார் வீரபத்திரன் வேலை செய்வதைப் பார்த்தவர் ஒருவர் வேண்டுமென்று டாக்டர் கேட்டதால், அவன் மனைவி அன்னக்கொடி அவரையும் இழுத்து வந்திருந்தாள். அவளும் அதே சைட்டில் சித்தாள்.

உள்ளே டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னதும், வீரபத்திரன் பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிட்டுச் சிரித்தான்.

"குடிப்பாரா?" என்று டாக்டர் அன்னக்கொடியிடம் கேட்டார்.

"சொட்டு கெடையாது சார். நாப்பத்திமூணு வயசுதான், டென்ஷன்னு ரெண்டு டாக்டரு மாத்திரை குடுத்துட்டாங்க. எட்டு மாசமா அடுத்த கல்லு எங்கன்னு எங்கிட்டதான் கேக்குறாரு. செவுரு நேரா நிக்குதான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாக்குறதும் நான்தான். மேஸ்திரியண்ணே, நீங்க சொல்லுங்க."

மேஸ்திரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த எட்டு மாதச் சுவரில் ஒரு நூல் பிசகில்லை. தலையில் கலவைச் சட்டியையும் சுமந்து, சுவரையும் இவளா நிறுத்தினாள்?

"குடிச்சு நான் பாத்ததில்ல சார். அந்தப் புள்ள சொல்றது சத்தியம்."

"இவங்க வரலேன்னா நானும் டென்ஷன்னுதான் எழுதியிருப்பேன்" என்று அன்னக்கொடியைக் காட்டிச் சொன்ன டாக்டர், இளவயது மறதிநோயாக இருக்கலாம் என்று எழுதி ஸ்கேனுக்கு அனுப்பினார்.

வெளியே அவள் புருஷனுக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். போன வாரம் சைட்டில் அத்தனை பேர் முன்னால் "குடிகார நாயே" என்று, தடுமாறி நின்ற அவனை விரட்டியதற்கு, மேஸ்திரி அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.